மரச்செக்கு எண்ணெய் வியாபாரம்: எங்கள் அக்கறை பிளாக்கில் தெரியவே இல்லை, எதை எழுதுவது?

வாகைச்செக்கு கேட்டது:

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் இரண்டு மரச்செக்கு வைத்துக் கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டிப் பாட்டிலில் அடைத்து விற்கிறோம். வேர்ட்பிரஸில் சொந்த இணையதளம் இருக்கிறது. அதில் பிளாக் என்று ஒரு பகுதி, இதுவரை 14 பதிவு. ‘நல்லெண்ணெயின் 10 நன்மைகள்’, ‘பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்’, ‘இதயத்தைக் காக்கும் கடலெண்ணெய்’ என்ற மாதிரித் தலைப்புகள். வெளி ஆள் எழுதிக் கொடுத்தவை. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு சிலரும் கேட்பது ஒன்றுதான்: “கடையில் பாதி விலைக்குக் கிடைக்குதே, உங்களுது ஏன் இவ்வளவு?”

மூட்டையைப் பிரித்துக் கொட்டி, சொத்தைப் பருப்பைக் கையால் பொறுக்கிய பிறகுதான் செக்கில் போடுகிறோம். கசடு அடங்காமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. இதெல்லாம் எழுத்தில் வரவே இல்லை. எதைப் பற்றி எழுதலாம்? விலைக் கணக்கை வெளிப்படையாகப் போடலாமா? மாதம் எத்தனை பதிவு? ஆட்டுகிற வேலைக்கு நடுவே வாரம் மூன்று மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.

கருப்புமை எழுதியது:

சொத்தையைப் பொறுக்குவதைப் பற்றி இங்கே எழுதிய அந்த ஒரு வரி, உங்கள் 14 பதிவில் எங்காவது இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். வெளி ஆளுக்கு அது தெரியாது, நீங்களும் அதைச் சொல்லத் தக்க விஷயமாக நினைத்திருக்க மாட்டீர்கள்.

ஒரு பத்தியை எழுதியதும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு செக்குக்காரர் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்துகிறதா? பொருந்தினால் அடித்துவிடுங்கள். ‘மிகுந்த ஈடுபாட்டுடன் தயாரிக்கிறோம்’ எல்லாருக்கும் பொருந்தும். ‘இந்த முறை வந்த சரக்கில் 80 கிலோவுக்கு இரண்டரைக் கிலோ சொத்தை கழிந்தது’ என்பது அன்றைக்கு, உங்கள் செக்குக்கு மட்டும் பொருந்தும். ஒருவருக்குத் தொழிலில் ஈடுபாடு இருக்கிறதா என்று வாசகர் எடை போடுவது அவர் எதற்குக் காசும் நேரமும் செலவழிக்கிறார், எதை வேண்டாம் என்று தள்ளுகிறார் என்பதை வைத்துத்தான். அவற்றை எழுதிவிட்டால் ஈடுபாடு என்ற சொல்லே தேவைப்படாது.

முதல் வேலை, செக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, சரக்கு வந்த ஊர், ரகம், எடை, ஈரம், கழித்த சொத்தை, ஆட்டிய நேரம், எண்ணெய் எத்தனை லிட்டர், புண்ணாக்கு எத்தனை கிலோ. கடைசிக் கட்டத்தை அகலமாக விட்டு ‘இன்று என்ன வித்தியாசம்’ என்று போடுங்கள். எண்ணெய் ஏன் கலங்கலாக வந்தது, புண்ணாக்கு ஏன் கட்டவில்லை, யார் என்ன குறை சொன்னார் என்று ஆட்டுகிறவரே கிறுக்கி வைக்கட்டும். மூன்று வாரம் எழுதினால் நான்கு மாதப் பதிவுக்கு விஷயம் சேர்ந்துவிடும்.

முதல் பதிவு விலைதான். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கேட்பது அது, அதற்கு உங்கள் தளத்தில் பதில் இல்லை. தாராளமாகப் போடலாம். கணக்கு இந்த வடிவில் இருக்கட்டும். உதாரணத்துக்காக ரூபாய் போடுகிறேன், உங்கள் பில்லில் உள்ளதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குப் பருப்பு சுமார் 2.4 கிலோ. கிலோ 130 என்றால் 312 ரூபாய். சொத்தை கழிவது நூற்றுக்கு மூன்று, அதற்கு 9. ஆக 321. புண்ணாக்கு 1.35 கிலோ திரும்பக் கிடைக்கும், கிலோ 40 வீதம் 54 வரவு. மிச்சம் 267. ஆள்கூலி, மின்சாரம் 25, கசடாக அடங்குவது 7, பாட்டில் மூடி லேபிள் 14. கூட்டினால் 313. இதற்கு மேல்தான் வாடகை, வண்டி, 5 சதவீத ஜி.எஸ்.டி., உங்கள் லாபம்.

கடை எண்ணெய் ஏன் மலிவு என்பதையும் அதே பதிவில், நியாயமாக எழுதுங்கள். செக்குப் புண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கு போல எண்ணெய் தங்கிவிடும். பெரிய ஆலைகளில் கரைப்பான் (எண்ணெயைக் கரைத்து இழுக்கும் திரவம்) வைத்து அதையும் எடுத்துவிடுகிறார்கள், புண்ணாக்கில் மிஞ்சுவது ஒரு பங்கு அளவுதான். ஒரே மூட்டையில் அவர்களுக்குக் கூடுதல் எண்ணெய், ஆள்கூலி குறைவு. கடை அலமாரியில் இரண்டு எண்ணெயைக் கலந்து, கலப்பு என்று லேபிளிலேயே போட்டு விற்பவையும் இருக்கின்றன. வாங்குபவர் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று அவருக்குப் புரிந்தால் போதும், சண்டை வேண்டாம். கணக்கின் தலையில் தேதியைப் போடுங்கள். பருப்பு விலை மாறும்போது அதே பக்கத்தில் புதுக் கணக்கை மேலே எழுதி, பழையதை அழிக்காமல் கீழே விடுங்கள்.

அடுத்த பதிவு நுரை. தீபாவளிக்கு முந்தின வாரம் செக்குக் கடலெண்ணெய் விற்கிற எல்லாருக்கும் வருகிற புகார் இது: “முறுக்கு போட்டதும் பொங்கி வழியுது, கலப்படமா?” ரீஃபைண்டு எண்ணெயில் பிசினை நீக்கிவிடுகிறார்கள். செக்கு எண்ணெயில் பாஸ்போலிப்பிட் என்ற அந்தப் பிசினும் துளி ஈரமும் இருக்கும். மாவின் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விடும்போது பிசின் அந்தக் குமிழைச் சுற்றிப் படலமாகப் பிடித்துக்கொள்கிறது, உடைய விடுவதில்லை, நுரை ஏறுகிறது. எனவே வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், மிதமான தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய வேண்டும், ஒரு ஈட்டுக்குக் கொஞ்சமாகப் போட வேண்டும். புளி உருண்டை போடுகிற வீட்டுப் பழக்கத்தையும் குறிப்பிடுங்கள். கூடவே உங்கள் பக்கத்து உண்மையையும் சொல்லுங்கள்: சரியாகத் தெளியாத எண்ணெய் இன்னும் மோசமாகப் பொங்கும், சீக்கிரம் புகையும். கசடு அடங்கும்வரை தெளிய விடுகிறீர்கள் என்ற செய்தி இந்த இடத்தில் வந்தால் அதற்கு மதிப்பு. ‘எங்கள் தரம்’ என்ற தலைப்பின் கீழே வந்தால் யார் கண்ணிலும் படாது.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது இன்னொரு பதிவு. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் இயல்பு. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் இளகும், அடுப்பில் வைக்கக் கூடாது. இதை நவம்பர் கடைசியிலேயே போட்டுவிடுங்கள். புகார் வந்த பிறகு எழுதினால் சமாதானம் சொல்வது போல இருக்கும்.

மாதம் இரண்டு பதிவு போதும். மூன்று மணி நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். செக்கு ஓடும்போது ஃபோனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்குவது போல. குரல் தட்டச்சு அதை எழுத்தாக்கிவிடும். அந்த வாரம் அவ்வளவுதான். அடுத்த வாரம் உட்கார்ந்து ஒழுங்கு செய்யுங்கள், 600 முதல் 800 சொல். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் பத்தியில்தான் விஷயம் தொடங்கும். ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றச் சொன்னால் ‘இன்றைய அவசர உலகில்’ திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிள்கணக்கு எழுதியது:

புதிதாக எழுதத் தொடங்குமுன் பழைய பதிவுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘இதயத்தைக் காக்கும் கடலெண்ணெய்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எழுதுகிறேன்.

பிளாக் என்றால் சொந்தக் கருத்து, விளம்பரம் லேபிளில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்பதன் விளக்கத்திலேயே இணையமும் இணையதளமும் அடங்கும். தவறான விளம்பரத்துக்கு 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரமும், பொருளின் குணத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இல் கொண்டுவந்த விதிகள் தனியாக இருக்கின்றன. நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணமாக்கும் என்று உணவுப் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது. எனவே சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுவலி வருகிற வரிகளை இன்றே எடுத்துவிடுங்கள். ‘சொல்கிறார்கள்’, ‘நம்பப்படுகிறது’ என்று முடித்தாலும் அது உங்கள் கடைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பதும் வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. உங்கள் எண்ணெயில் இல்லை என்று எழுதினால் பக்கத்துக் கடை எண்ணெயில் இருக்கிறது என்று வாசகர் புரிந்துகொள்வார். எண்ணெய் லேபிளில் ‘இதயத்துக்கு இதமானது’, ‘கொலஸ்ட்ராலை எதிர்ப்பது’ போன்ற சொற்களுக்கு வெளிப்படையான தடையே இருக்கிறது. ரீஃபைண்டு எண்ணெயை விஷம் என்று எழுதுவதையும் விடுங்கள். சட்டப்படி விற்கிற பொருளைப் பழிப்பதில் உங்கள் எண்ணெயின் தரம் கூடுவதில்லை.

இவை போனால் எழுத என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள், நிறைய இருக்கிறது. கடலையில் கவலைப்பட வேண்டிய விஷயம் அஃப்ளாடாக்சின், ஈரமாகத் தங்கிய பருப்பில் பூஞ்சை விடுகிற நஞ்சு. ஆட்டும்போது அதில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போகும், கொஞ்சம் எண்ணெயிலும் கசடிலும் வரும். ரீஃபைண்டு செய்கிற ஆலையில் காரப் பொருள் (அல்கலி) சேர்த்துச் சுத்தம் செய்யும்போது அது நீங்கிவிடும். செக்கில் அந்தப் படி இல்லை. ஆகவே செக்குக்காரருக்கு இருக்கிற பாதுகாப்பு மூன்றுதான்: 7 சதவீதத்துக்கு மேல் ஈரமான பருப்பை வாங்காதது, நிறம் மாறியது, சுருங்கியது, பூஞ்சை பிடித்ததைக் கையால் பொறுக்குவது, கசடை முழுதாக அடங்க விட்டு வடிப்பது. நீங்கள் பொறுக்குகிறீர்களே, அதற்கு இதுதான் காரணம். இதை அப்படியே எழுதினால் எந்த விதிக்கும் முரணில்லை. உங்கள் விலைக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகங்களுக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் அமில மதிப்பு, பெராக்சைடு மதிப்பு, அஃப்ளாடாக்சின் மூன்றும் பார்த்து, அறிக்கையைத் தொகுதி எண்ணோடு (ஒரே தடவை ஆட்டி அடைத்த பாட்டில்களுக்குப் போடும் எண்) பதிவில் போடுங்கள். படத்தை ஒட்டிவிட்டு நிறுத்தாமல் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். அமில மதிப்பு ஏறினால் கொழுப்பு உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள், பழைய பருப்பிலும் ஈரமான பருப்பிலும் ஏறும். பெராக்சைடு, காற்றும் வெளிச்சமும் பட்டு எண்ணெய் கெடத் தொடங்குவதைக் காட்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம், எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும்.

ஒருங்குறி எழுதியது:

எழுத்தைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். தமிழில் பிளாக் வைப்பவர்கள் தடுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பக்க முகவரி. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு வரும். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கிற அலகு), ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக மாறும், ஆக ஒன்றுக்கு ஒன்பது. ‘கி’ என்பது ககரமும் கொக்கியும் சேர்ந்தது, அது பதினெட்டு. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. 22 குறியீட்டில் தீர்ந்துபோய்த் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். பார்ப்பவர்கள் ஏதோ ஏமாற்று லிங்க் என்று தொட மாட்டார்கள். முகவரியை ஆங்கில எழுத்தில், கடலை எண்ணெய் விலை என்பதை உச்சரிப்பிலேயே மூன்று நான்கு சொல்லாக எழுதி, இடையில் சிறு கோடு போடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பழைய பதிவுகளின் முகவரியை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழையதைப் புதியதற்குத் திருப்பிவிடும், பயம் வேண்டாம்.

படம். ஃபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒரு படம் 4 எம்.பி. இருக்கும், கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் திறக்காது. அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் 150 கே.பி.க்குள் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது முன்னால் வரும் படத்துக்கு 1200க்கு 630 அளவு பொருந்தும், 300 கே.பி.யைத் தாண்ட வேண்டாம். எண்ணெயைப் படமெடுக்க மேலிருந்து டியூப்லைட் வெளிச்சம் ஆகாது, பாட்டில் மேல் வெள்ளைக் கோடு விழும். ஜன்னல் பக்கம் வைத்து, பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் தெளிந்த எண்ணெய்க்கும் தெளியாத எண்ணெய்க்கும் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். முதல் நாள், இரண்டாம் நாள், நாலாம் நாள் என்று ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த மூன்று படம் உங்கள் கசடுப் பதிவுக்குப் போதும். விலைக்கு வாங்கிய படம் ஒன்றுகூட வேண்டாம். வெளிநாட்டுக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிய எண்ணெயைப் பார்த்து வெள்ளகோவில் செக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், மங்கலாக இல்லாமல் தெளிவாக வரும். ஃபோனில் 18 பிக்சல், வரி இடைவெளி 1.7. தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு வைத்த 1.4 இடைவெளியில் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். பத்தியை இருபுறமும் சமமாக்காதீர்கள், நீண்ட சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

கூகுள் சர்ச் கன்சோலை இணைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். மக்கள் என்ன சொல் போட்டு உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் இருக்கும். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் அதிகம். அந்த வடிவங்களைப் பதிவுக்குள் திணிக்க வேண்டாம், முகவரியில் இருந்தால் போதும். ஆனால் அங்கே வருகிற கேள்விகள் அடுத்த பதிவுக்கு விதை. ‘நல்லெண்ணெய் கசப்பது ஏன்’ என்று பத்துப் பேர் தேடியிருந்தால் அதை எழுதுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே போட்டது மூன்று நாளில் கீழே போய்விடும். நுரைப் பதிவு உங்கள் தளத்தில் இருந்தால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே லிங்கை அனுப்பலாம்.

தறிநூல் எழுதியது:

கருப்புமை சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், வெளிப்படைத்தன்மையில் மட்டும் ஓர் எல்லை வேண்டும். விலைக் கணக்கில் பருப்பு விலையைப் போடலாம், யாரிடம் வாங்கினீர்கள் என்பது வேறு. விவசாயியின் பெயர், ஊர், படம் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டு, எழுதியதையும் படித்துக் காட்ட வேண்டும். மூட்டையைத் திருப்பி அனுப்பியதை எழுதும்போது அனுப்பியவர் யார் என்று ஊகிக்கிற அளவுக்குக்கூடக் குறிப்பு கொடுக்கக் கூடாது. ஈரம் 9 சதவீதம் இருந்தது, திருப்பினோம், அவ்வளவு போதும். சின்ன வட்டாரம், ஏல மண்டியில் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

தவறு நடந்தால் எழுதலாமா என்றால், சரிசெய்த பிறகு எழுதுங்கள். தொகுதி எண், என்ன குறை, ஏன் வந்தது, எப்படி மாற்றிக் கொடுத்தீர்கள், இனி எந்தப் படியை மாற்றியிருக்கிறீர்கள். இந்த ஐந்தும் கையில் இல்லாமல் வருத்தம் மட்டும் தெரிவித்தால் வாங்கியவர்களுக்குப் பீதிதான் மிஞ்சும். குறை தெரிந்த அன்றைக்கு அந்தத் தொகுதி வாங்கியவர்களை ஃபோனில் கூப்பிடுங்கள். பிளாக் அதற்குப் பிறகு.

விலையைப் போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ரிவர் பூல்ஸ் என்ற நீச்சல்குளம் அமைக்கும் சிறு நிறுவனம், 2008 பொருளாதாரச் சரிவில் ஆட்டம் கண்டது. அதன் பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் தளத்தில் பதில் எழுதத் தொடங்கினார். அந்தத் துறையில் யாரும் வாய் திறக்காத விலையைப் பற்றியும், ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன சிக்கல் வரும் என்பதையும் எழுதினார். அவர் விற்றதே ஃபைபர்கிளாஸ் குளம்தான். விலைக் கட்டுரை தேடலில் முன்னுக்கு வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. தையல் கடைகளுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் பயின்ற தையல்காரர் தாமஸ் மேஹன் 2005இல் இங்கிலிஷ் கட் என்ற பிளாக்கைத் தொடங்கி, கோட்டு எப்படி வெட்டப்படுகிறது, உள்ளே என்ன துணி வைத்துத் தைக்கிறார்கள், நல்ல கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதினார். கடல் தாண்டிய ஊர்களிலும் அவருக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். தொழில் ரகசியம் என்று நாம் பொத்திவைப்பது பெரும்பாலும் கைப்பழக்கம். படித்துத் தெரிந்துகொண்டவர் உடனே செய்துவிட முடியாது.

ஒரு வேண்டுகோள். ஆட்டுகிறவரின் சொற்களை அப்படியே வையுங்கள். உரல், உலக்கை, கசடு, மண்டி, புண்ணாக்கு கட்டுவது, எண்ணெய் பிரிவது. ‘குளிர்முறைப் பிழிவுத் தொழில்நுட்பம்’ என்று மாற்றியதும் அது வேறு யாருடைய வேலையாகவோ ஆகிவிடுகிறது.

வாகைச்செக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. பழைய 14இல் 9 பதிவை இன்று காலை நீக்கிவிட்டேன், மீதியைத் திருத்த வேண்டும். நல்லெண்ணெய்ப் பதிவில் முன்பு இருந்தது இது: ‘எங்கள் நல்லெண்ணெய் தரமான எள்ளிலிருந்து, கருப்பட்டியின் சத்துக்கள் சேர்த்து, பாரம்பரிய முறையில் மிகுந்த அக்கறையுடன் தயாரிக்கப்படுகிறது.’ நோட்டையும் ஃபோன் பதிவையும் வைத்து இப்படி மாற்றியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

“எள் பத்துக் கிலோ உரலில் விழுந்து, உலக்கை சுற்றத் தொடங்கியதும் முதலில் வருவது எண்ணெய் இல்லை, மாவு. அந்த மாவு ஓரத்தில் ஏறி ஒட்டும்போதுதான் கருப்பட்டி போட வேண்டும், 800 கிராம், தட்டி உடைத்தது. கூடவே வெந்நீரைக் கையால் தெளிக்கிறோம். தண்ணீர் கூடினால் எண்ணெய் கலங்கி வரும், நாலு நாளானாலும் தெளியாது. குறைந்தால் மாவு கட்டாமல் பொடியாகவே சுற்றும், எண்ணெய் பிரியாது. எவ்வளவு தண்ணீர் என்பது அன்றைய எள்ளைப் பொறுத்தது. மாவைப் பிடித்துப் பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி கையில் நிற்க வேண்டும். கருப்பட்டியின் சத்து எண்ணெயில் இறங்கி அதற்கு இனிப்பு தருகிறது. பிறகு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்துத் தெளிய விடுகிறோம்.”

லேபிள்கணக்கு எழுதியது:

கொழுக்கட்டை வரை கை வைக்காதீர்கள், அருமையாக இருக்கிறது. கடைசி இரண்டு வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

கருப்பட்டியில் இருப்பது சர்க்கரை, அது எண்ணெயில் கரையாது. புண்ணாக்கோடு போய்விடும், அதனால்தான் எள்ளுப் புண்ணாக்கு இனிக்கிறது. கருப்பட்டியின் வேலை மாவைப் பிசுபிசுப்பாகக் கட்டி எண்ணெயைப் பிரிய வைப்பது. அதை மட்டும் எழுதுங்கள், சத்து இறங்குகிறது என்பதை எடுத்துவிடுங்கள்.

வெயிலும் கண்ணாடி ஜாடியும்தான் இன்னொன்று. கசடு அடங்குவதற்கு உதவுவது சூடு. எண்ணெய் இளகினால் கசடு சீக்கிரம் இறங்கும். வெளிச்சம் உதவாது, நேர் வெயில் கண்ணாடி வழியாகப் பட்டால் எண்ணெய் காறத் தொடங்கும், பெராக்சைடு மதிப்பு ஏறும். மூடி போட்ட எவர்சில்வர் டிரம்மில் ஊற்றித் தகரக் கூரைக்கடியில் வைத்தாலே சூடு கிடைக்கும். இது எழுத்தில் மாற்றினால் தீராது, முதலில் செக்கடியில் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஜாடியில் வைத்த ஒரு தொகுதியையும், மாற்றிய பின் டிரம்மில் வைத்த ஒரு தொகுதியையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு எண்ணும் வந்ததும், ஏன் மாற்றினோம் என்று மூன்றாவது பதிவாக எழுதிவிடலாம்.